கல்லுக்குச் சாட்சி யார்?

முன்னொரு காலத்துல, இல்ல, அதுக்கும் முன்னால, பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கிற வடதேசத்துல சிக்னின்னு ஒரு பொண்ணு இருந்தா. அவளுக்கும் அவ அப்பா ஒட்டாருக்கும் ஒரே ஒரு பார்லி வயல், ஒரு சின்ன வீடு. அவ்வளவுதான் சொத்து.

பக்கத்து நிலத்துக்காரன் கோர்ம் ஒரு மந்திரவாதி. பேராசை பிடிச்ச பய! ஊரே திருவிழாவுக்குப் போயிருந்தப்ப, எல்லைக்கல்லைப் பிடுங்கிட்டு வந்து ஒட்டார் வீட்டுக்குப் பின்னால நட்டுட்டான். இப்போ வயலும் வீடும் அவன் பக்கம்! அதைப் பார்த்துட்ட ஒட்டார் கத்துறதுக்குள்ள, அவர் மூஞ்சில 'பூ'ன்னு ஊதினான். பாவம், மனுஷனுக்குப் பேச்சே போச்சு. மககிட்ட அழுதுகிட்டே ஜாடைதான் காட்டினார்.

அந்தக் கல்லுகிட்டயே ஊர்ச்சபை கூடிச்சு. சட்டம் முழுசையும் மனப்பாடமா வெச்சிருக்கிற நியாயக்காரர் வந்தார்.

"கல்லே, எல்லை எது?"ன்னு கேட்டான் கோர்ம்.

"இதுதான் எல்லை! இதுதான் எல்லை! இதுதான் எல்லை!"ன்னு மூணு தரம் சொல்லிச்சு கல்லு. அடேயப்பா, ஊரே மிரண்டு போச்சு.

"கல்லே சொல்லிடுச்சே! இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க"ன்னான் கோர்ம்.

சிக்னி விடல, நியாயக்காரர் முன்னால போய் நின்னா. "ஐயா, கல்லு பேசினாப் போதுமா? சாட்சி வேணாமா?"

அந்த தேசத்துல சாட்சின்னா மனுஷன் மட்டும் இல்லீங்க. எல்லைக்கல் நடும்போது ஒரு சின்னக் கல்லை ரெண்டா உடைச்சு அடியில புதைப்பாங்க. அந்த ரெண்டு துண்டுக்கும் பேரே சாட்சிதான். அதுங்க ஒண்ணோட ஒண்ணு பொருந்தினா எல்லைக்கல். பொருந்தலைன்னா வெறும் கல்லு.

"நல்லாத் தோண்டு! ரெண்டு சாட்சி இருக்கு"ன்னு சிரிச்சான் கோர்ம்.

தோண்டினா, ரெண்டு கூழாங்கல்லு. முட்டை மாதிரி வழவழன்னு இருக்கு. எத்தனை சாட்சின்னு கேட்டு வெச்சவன், எப்படிப்பட்ட சாட்சின்னு கேட்கல, மடையன்! சிக்னி சேர்த்துப் பார்த்தா. வழுக்கிச்சு. மறுபடியும் வழுக்கிச்சு. மூணாம் தரமும் வழுக்கிச்சு.

கல்லு முதல்ல இருந்த பழைய குழியை அப்பா கைகாட்ட, அங்கே ஓடினா. தோண்டினா, ரெண்டு கரடுமுரடான துண்டு கிடைச்சுது. சேர்த்தா, 'டக்'! மயிரிழை இடைவெளி இல்ல.

மந்திரம் உடைஞ்சுது! எல்லைக்கல் எகிறிப் போய் கோர்ம் கையில ஒட்டிக்கிச்சு. உதறுறான், விடல.

"ஐயோ, கனக்குதே! எங்கே வைக்கட்டும்? எங்கே வைக்கட்டும்? எங்கே வைக்கட்டும்?"

"எடுத்த இடத்துலயே வைடா, களவாணிப் பயலே!"

யார் அது? சிக்னி திரும்பினா. அட, அவ அப்பா!

கோர்ம் கல்லைப் பழைய குழியில வெச்ச பிறகுதான் கை விடுபட்டுச்சு. எடுத்தான் ஓட்டம், திரும்பியே பார்க்கல. சிக்னி ஓடிப்போய் ஒட்டாரைக் கட்டிக்கிட்டா.

"அப்பா, இன்னொரு தரம் பேசுங்கப்பா!"

"என்னம்மா பேசறது? வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்"னார் ஒட்டார். போனாங்க. அவங்க சுகம், கேட்ட நீங்களும் சுகம்.