சிலிங் சத்தத்தைத் தேடிப்போன மொழி

ஒரு ஊர்ல ஒரு தலையாட்டி இருந்தா. பொம்மை இல்லடி, பொம்பளை. காலை என் மேல போடாம நேராப் படுத்துக் கேளு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" சொல்லணும். வாய் மட்டும் சொல்ற "ம்" எனக்கு வேண்டாம், காதால கேட்டுட்டுச் சொல்ற "ம்" வேணும். எங்க, சொல்லு பாப்போம்.

"ம்."

அது. அந்த ஊரு தென்காசிக்குப் பக்கத்துல இருக்கு. அவ பேரு குழல்வாய்மொழி. முழுசாக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும்னு எல்லாரும் மொழின்னுதான் கூப்பிடுவாங்க. அவளும் அவ நாத்தனா செண்பகமும் வீட்டுலயே கைமுறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுறவங்க. மொழி மாவைச் சுத்துவா, செண்பகம் எண்ணெயில போடுவா. போட்டதும் சொய்ங்ங்னு ஒரு சத்தம், அப்புறம் சலசலன்னு கொதிக்கும், அப்புறம் மெல்ல அடங்கும். அடங்குனா வெந்துருச்சுன்னு அர்த்தம், உடனே எடுத்துரணும்.

முறுக்கு சுத்துறப்போ கைக்குத்தானே வேலை, காது சும்மாத்தானே கெடக்கு? அதனால மொழி ஒரு பழைய ஹெட்போனை மாட்டிக்கிட்டு பாட்டு கேப்பா. பாட்டு ஓடுனா அவ தலை நிக்காது. பாட்டு நெளிஞ்சா தலையும் நெளியும், பாட்டு குதிச்சா தலையும் குதிக்கும். காதுல ஜிமிக்கி வேற போட்டிருப்பா, அதுவும் சேந்து ஆடும். தெருவுல போறவங்க பாத்துச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போங்கன்னு விட்டுருவா.

அவளுக்கு உசுரா ஒரு பாட்டு உண்டு. ஆத்தைப் பத்துன பழைய பாட்டு. அதுல சரணம் முடிஞ்சு பல்லவி திரும்புற எடத்துல, "சிலிங்"னு ஒரு சின்னச் சத்தம் வரும். ஒரே ஒரு தடவை. எத்தனை வருசமோ கேக்குறா, அந்த எடம் வந்தா அவளுக்கு உடம்பு சிலுத்துரும். இந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்ட மகராசன் எவ்வளவு ரசிச்சு இந்த எடத்துல இதை வெச்சிருக்கான்னு நெனைச்சு நெனைச்சு பூரிச்சுப் போவா.

"ம்."

அப்போ ஒரு நாள் என்னாச்சு, செண்பகம் அடுப்பை விட்டுட்டு வாசல்ல யார்கிட்டயோ வாயளந்துட்டு நின்னுட்டா. கருகல் வாசம் வந்துருச்சு. மொழி பதறிப்போய் ஓடி, ஹெட்போனை வெடுக்குனு பிடுங்குனா. அது கையை விட்டு வழுக்கி நேரா எண்ணெய்ச் சட்டிக்குள்ள போய் விழுந்துது. சொய்ங்ங்ங்! முறுக்கோட முறுக்கா ஹெட்போனும் பொரிஞ்சுது. ரொம்பச் சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும்.

பிடுங்குன வேகத்துல ஒரு ஜிமிக்கியோட திருகாணியும் தெறிச்சு எங்கயோ ஓடிப்போச்சு. மாவுல தேடுனாங்க, அடுப்படியில தேடுனாங்க, கெடைக்கல. ஒத்தை ஜிமிக்கியோட எப்படி நடமாடுறது? ரெண்டையும் கழட்டி, புதுத் திருகாணி செய்யச் சொல்லி ஆசாரிகிட்ட குடுத்துட்டா. காது ஓட்டை தூந்துரக் கூடாதுன்னு ரெண்டு வேப்பங்குச்சியை ஒடிச்சுச் செருகிக்கிட்டா.

அப்புறம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல சாகுல்னு ஒரு தம்பியோட கடைக்குப் புது ஹெட்போன் வாங்கப் போனா. அந்தத் தம்பி பொறுமைசாலி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்க யக்கா, புடிக்கலன்னா மாத்திக்கலாம்னு சொல்லி, கறுப்பா பெருசா ஒண்ணை எடுத்துக் குடுத்தான். இப்போ எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்கன்னான். மொழி வீட்டுக்கு வந்து மாட்டுனா. தும்! தும்! தும்! பாடுறவ கெணத்துக்குள்ள நிக்கிற மாதிரியும் மேல நின்னு ஒருத்தன் உரல்ல இடிக்கிற மாதிரியும் இருந்துச்சு. மண்டை அதிருது. அந்த எடம் வந்துது, போச்சு. சிலிங் இல்ல. இந்த இடியில எதுதான் கேக்கும்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டா.

ரெண்டாவதா, காதுக்குள்ளயே சொருகுறது, பட்டாணி மாதிரி ரெண்டு. மாட்டுனா, பாட்டு ஓடுச்சு, தலை ஆடுச்சு. பொத்! ஒரு பட்டாணி மாவுக்குள்ள விழுந்துருச்சு. நல்லவேளை பாத்தா, இல்லன்னா முறுக்கோட சுத்தி அதையும் யாராவது கடிச்சிருப்பாங்க. கழுத்தை வெரைப்பா வெச்சுக்கிட்டு கேட்டுப் பாத்தா. ங்ஙொய்னு கொசு பாடுற மாதிரி இருந்துச்சு. இதுலயும் சிலிங் இல்ல.

"ம்."

என்னடி, "ம்" எளைச்சுக்கிட்டே வருது? கேளு. மூணாவது தடவை சாகுல் எதையும் எடுத்து நீட்டல. ஸ்டூலைப் போட்டு உக்கார வெச்சு விசாரிச்சான். என்ன பாட்டு கேப்பீங்க, எவ்வளவு நேரம் மாட்டியிருப்பீங்க, கேக்கும்போது சும்மா உக்காந்திருப்பீங்களா வேலை பாப்பீங்களான்னு. எல்லாம் சொன்னா. அப்புறம் அவன் உள்ள போய், பஞ்சு மாதிரி மெத்துனு, எடையே தெரியாத ஒண்ணைக் கொண்டாந்தான்.

அதை வீட்டுல மாட்டுனா பாரு! பாடுறவ மூச்சு இழுக்கிறது கேக்குது. வீணைக் கம்பி மேல வெரல் சர்ருனு வழுக்குறது கேக்குது. இதெல்லாம் இத்தனை வருசம் இந்தப் பாட்டுக்குள்ளயா இருந்துச்சுன்னு சந்தோசம் தாங்கல. அப்போ அந்த எடம் வந்துது. மொழி மூச்சைப் புடிச்சுக்கிட்டா.

சிலிங் இல்ல.

திரும்பப் போட்டா. இல்ல. திரும்பவும் போட்டா. இல்லவே இல்ல.

இப்போதான் அவளுக்குப் பயம் வந்துது. ஹெட்போன் மட்டமா இருந்தா அது மேல பழி போடலாம். மூச்சு விடுறதைக் கூட கேக்க வைக்கிற ஹெட்போன்ல சிலிங் கேக்கலன்னா? அப்போ கோளாறு காதுலதானே? அவ அம்மாவுக்கு இந்த வயசுலதான் காது போச்சு. ஒரே நாள்ல போகல, மொதல்ல சின்னச் சின்னச் சத்தமாத்தான் போச்சு. வளையல் சத்தம் போச்சு, கொலுசுச் சத்தம் போச்சு, கடைசியில பேச்சும் போச்சு. யாரு என்ன சொன்னாலும் "ம், ம்"னு சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பா அந்த அம்மா. அவளைச் சுத்தி எல்லாரும் பேசிக்கிட்டிருப்பாங்க, அவ மட்டும் தனியா இருப்பா. அதைப் பாத்து மொழி எத்தனை தடவை அழுதிருக்கா.

இருந்தாலும் ஒரு நப்பாசை. ஹெட்போனைக் கொண்டுபோய் செண்பகம் காதுல வெச்சு, அந்த எடத்தைப் போட்டு, சிலிங்னு கேக்குதான்னு கேட்டா. செண்பகம் அரிகரண்டியை ஆட்டிக்கிட்டே, "ம், நல்லாக் கேக்குதே மதினி"ன்னுட்டா.

முடிஞ்சுது. அவளுக்குக் கேக்குது, எனக்குத்தான் கேக்கலன்னு மொழி மனசு ஒடிஞ்சு போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல. ரெண்டு நாளா பாட்டும் இல்ல, தலையாட்டலும் இல்ல. தெருவுல போறவங்களே, என்ன இன்னைக்கு பொம்மை ஆடலன்னு எட்டிப் பாத்தாங்க.

அப்புறம் ஆசாரி சொல்லி அனுப்புனாரு, திருகாணி ரெடின்னு. மொழி போனா, வேப்பங்குச்சியை எடுத்துப் போட்டுட்டு ஜிமிக்கியை மாட்டுனா. அப்படியே சாகுல் கடைக்கும் நடந்தா. ஹெட்போனை மேசை மேல வெச்சு, தம்பி, இது நல்ல சாமான்தான், ஆனா என் காதுக்கு இனிமே இது தேவையில்ல, வேற நல்ல காதா பாத்துக் குடுத்துருன்னா. அவனுக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பக்கமும் சரியாக் கேக்குதான்னு மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க யக்கா, திருப்பி எடுத்துக்கிறேன்னான்.

சரின்னு மாட்டுனா. அதே பாட்டையே போட்டா, வேற எதுவும் அவளுக்குத் தோணல. கடைசித் தடவையா கேட்டுக்குவோம்னு கண்ணை மூடுனா. பாடுறவ மூச்சை இழுத்தா, வெரல் சர்ருனு வழுக்குச்சு, சரணம் முடிஞ்சுது, பாட்டு வளைஞ்சு திரும்புச்சு, அது கூடவே மொழி தலையும் ஒரு வெட்டு வெட்டித் திரும்புச்சு.

சிலிங்.

தூங்கிட்டியா? இல்லையே? இதைக் கேட்டுட்டுத் தூங்கு.

மொழி சட்டுனு கண்ணைத் தொறந்தா. பாட்டைத் திரும்பப் போட்டா. இந்தத் தடவை காதைக் கூர்மையா வெச்சுக்கிட்டு ஆடாம அசையாம கேட்டா. அந்த எடம் வந்துது. சிலிங் இல்ல. இன்னொரு தடவை போட்டு, தலையை ஆட்டிக் கேட்டா. சிலிங். அப்புறம் பாட்டையே நிறுத்திட்டு, கடை நடுவுல நின்னு தலையை மட்டும் ஒரு வெட்டு வெட்டுனா.

சிலிங்.

ஜிமிக்கிடி! பாட்டு வளையுற எடத்துல அவ தலை வளையும், ஜிமிக்கி ஆடிப்போய் ஹெட்போன்ல ஒரு தட்டு தட்டும். மெட்டுப் போட்ட மகராசனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. இத்தனை வருசமா அந்த எடத்துல தாளம் போட்டது அவளேதான்.

மொழி ஸ்டூல்ல பொத்துனு உக்காந்தா. சிரிப்பு வந்துது, பின்னாலயே அழுகையும் வந்துது. நெஞ்சுல ஏறி உக்காந்திருந்த பாறாங்கல்லு எறங்கி ஓடியே போச்சு. சாகுல் தண்ணி கொண்டாந்து குடுத்தான். அவ அவன் கையைப் புடிச்சுக்கிட்டு, "தம்பி, எனக்குக் காது கேக்குது"ன்னா.

"கேக்குது யக்கா. நான் எப்போ இல்லன்னு சொன்னேன்?"ன்னான் அவன், பாவம்.

ஹெட்போனை அணைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. நேரா செண்பகத்துகிட்ட போய், பாட்டுல இல்லாத சத்தம் உனக்கு எப்படிடி நல்லாக் கேட்டுதுன்னா. செண்பகம் முழிச்சா. நான் எங்க மதினி கேட்டேன், அடுப்புல வேலையா இருந்தேன், நீங்க கேட்டீங்க, நான் "ம்"முன்னேன், அவ்வளவுதான்னா. அவ மண்டையில நறுக்குனு ஒரு குட்டு வெச்சா மொழி. வெச்சுட்டு அவளையே கட்டிப் புடிச்சுக்கிட்டா.

அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு மாவு முன்னால உக்காந்தா. பாடுறவ மூச்சு இழுக்கிறதும் கேட்டுது, வெரல் வழுக்குறதும் கேட்டுது, அந்த எடம் வந்ததும் மொழி தலையை நல்லா ஒரு வெட்டு வெட்டி, தன் பங்குக்கு சிலிங்னு ஒண்ணைப் போட்டுக்கிட்டா. தெருவுல போறவங்க, பொம்மை ஆடுது பாருன்னாங்க. ஆடுச்சு, ஆடிக்கிட்டே இருந்துச்சு.

"ம்..."

இது எந்த "ம்"முடி? கேட்டுட்டுச் சொன்னதா, செண்பகம் சொன்னதா? ஏட்டி. உன்னைத்தான்.

சரி. முறுக்கு வெந்துது, கதை அடங்குச்சு. தூங்கு.