நெடுவயல் ராஜாவின் ரகசியப் படை

மேலப்பாறைப் பாளையத்து ராஜா உக்கிரப்பெருமாளுக்குச் சண்டை என்றால் சர்க்கரைப் பொங்கல். கிழக்கே இருக்கும் நெடுவயல் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். போர் தொடுக்கக் காரணம்தான் கிடைக்கவில்லை. அதைத் தேடி எடுத்து வரச் சொல்லி, தளவாய் வீரபாகு இரண்டு ஒற்றர்களுக்குப் புலவர் வேஷம் போட்டு அங்கே அனுப்பினார். காரணம் கொண்டுவந்தால்தான் சம்பளம் என்றால், கிடைக்காமலா போகும்?

திரும்பி வந்தவர்கள் சபையில் மூச்சிரைக்க நின்றார்கள்.

"மகாராஜா, மோசம் போனோம்! நெடுவயல் ராஜா ஆவுடையப்பர் ரகசியமாகப் படை வைத்திருக்கிறார்!"

"யார் சொன்னது?"

"அரண்மனை நாவிதரே சொன்னார். 'எங்க ராஜாவுக்குப் படை நாளுக்கு நாள் பெருகுது. வெளியே தெரியாம மூடி மூடி வைக்கிறார். கீழே ஆரம்பிச்சது, இப்ப மேலே ஏறுது'ன்னு காதோடு காதாகச் சொன்னார்."

தளவாய் துள்ளிக் குதித்தார். "கீழே என்றால் கிழக்கு! மேலே என்றால் மேற்கு! மேற்கே இருப்பது நாம்தானே, மகாராஜா!"

"அதோடு வண்டி வண்டியாகக் கந்தகம் வாங்குகிறார்!" என்றான் இன்னொரு ஒற்றன்.

கந்தகம் என்றால் வெடிமருந்து. அப்புறம் என்ன வேண்டும்? ராஜா மீசையை முறுக்கினார்.

ஒற்றர்கள் ஒரு சால்வையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் பாடிய பாட்டுக்கு ஆவுடையப்பர் தன் தோளில் கிடந்ததையே எடுத்துப் போர்த்தினாராம். பாட்டு அவ்வளவு ஜோரா என்று என்னைக் கேட்காதீர்கள். நிறுத்தினால் போதும் என்று கொடுத்திருப்பார், பாவம். அவர்களை எதிர்கொள்ளப் போய் அதை வழியிலேயே வாங்கி, ஒரு நாள் முழுக்கப் போட்டு அழகு பார்த்துவிட்டு வந்திருந்த தளவாய், ராஜாவின் காலடியில் வைத்தார். "எதிரியின் சால்வை என் தோளில்!" என்று ராஜா ஆசையாகப் போர்த்திக்கொண்டார்.

சபையே கை தட்டியது. சபையில் இருந்த தெய்வச்சிலை மட்டும் கை தட்டவில்லை. வாய்ச் சாமர்த்தியத்துக்காக ராஜா பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த ஆள் அவர். அவருடைய ஒரே மகள் பூரணம் வாழ்க்கைப்பட்டிருந்தது நெடுவயலின் எல்லை ஊரில். நிறைமாதக் கர்ப்பிணி. போர் மூண்டால் முதலில் எரிவது அந்த ஊர்தான்.

"அரசே, அந்தப் படையை இவர்கள் கண்ணால் பார்த்தார்களா?" என்று கேட்டார்.

"மூடி வைத்ததை எப்படிப் பார்ப்பது?" என்று தளவாய் சீறினார். "மகள் அங்கே இருக்கிறாள், இவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது!"

ராஜாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "தெய்வச்சிலை! நீரே போம். அந்தப் படையைக் கொண்டுவந்து என் கண்முன்னால் காட்டும். வெறுங்கையோடு வந்தீரோ, உம்முடைய தலை உருளும். மறுநாள் முரசு கொட்டும்."

எதிரியின் படையைத் தனி ஆள் எப்படிக் கொண்டுவருவது? தளவாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தெய்வச்சிலை முதலில் மகளைப் போய்ப் பார்த்தார். "அப்பா, சண்டை வருமாமே? இந்த வயித்தோட நான் எங்கப்பா ஓடுவேன்?" என்று அவள் அழுதாள். "ஓட வேண்டாம் தாயி, அப்பா பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனார். அந்த நாவிதரைப் பிடித்து வெற்றிலை கொடுத்துப் பேசினார். பேசி முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆவுடையப்பர் முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடினார். அவருக்கும் அதேபோல் ராஜா தோளில் கிடந்த சால்வையே கிடைத்தது. அதை இடது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, எல்லாம் தயாராகும்வரை மகள் வீட்டிலேயே தங்கினார்.

ஊர் திரும்பினால் மேலப்பாறைச் சபையில் ஒரே நமைச்சல். தளவாய் வாளுறையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒற்றர்கள் தூணில் உரசினார்கள். ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"எங்கே படை?" என்று உறுமினார் ராஜா. "வெறுங்கையோடு வந்தீரா?"

"வெறுங்கை இல்லை, அரசே."

தெய்வச்சிலை சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வட்ட வட்டமாக, சிவந்து, ஓரம் தடித்து, பார்த்தாலே நமக்குச் சொறியத் தோன்றும்.

"இது… படர்தாமரை அல்லவா?"

"எங்க வீட்டில் படை என்றுதான் சொல்வோம், அரசே. ஆவுடையப்பருக்கு இடுப்புக்குக் கீழே ஆரம்பித்தது, மேலே ஏறிவிட்டது. வெட்கப்பட்டுச் சால்வையால் மூடி வைக்கிறார். கந்தகம் தைலம் காய்ச்ச. தளவாயார் படையெடுக்கலாம் என்றார். அவருக்கு ஏன் சிரமம் என்று நானே படை எடுத்து வந்துவிட்டேன்."

ராஜா மெல்லத் தன் தோள்பட்டையைப் பார்த்தார்.

"அப்படியானால், எனக்கு இத்தனை நாளாக அரிக்கிறதே?"

"எதிரிப் படை அன்றைக்கே கோட்டைக்குள் நுழைந்துவிட்டது, அரசே. தளவாயாரே கையோடு கூட்டிவந்து உங்கள் காலடியில் வைத்தார்."

ராஜா ஒரு நொடி முறைத்தார். அப்புறம் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார், சிரித்துக்கொண்டே சொறிந்தார்.

"தளவாயாரே! ஆசைப்பட்டீரே, இப்பவே படையோடு நெடுவயலுக்குப் புறப்படும்!"

"எந்தப் படையோடு, மகாராஜா?"

"முதுகில் இருக்கிறதே, அந்தப் படையோடுதான்! ஆவுடையப்பரிடம் நான் கேட்டதாகப் பணிவாகச் சொல்லி, ஒரு குடம் தைலம் வாங்கிக்கொண்டு வாரும்."

பிறகு தெய்வச்சிலையைப் பார்த்தார். "உமக்கு என்ன வேண்டும்?"

"மகள் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க உத்தரவு கொடுங்கள், அரசே. அது போதும்."

"தாராளமாகப் போய் வாரும்! அதற்காக வெறுங்கையோடு அனுப்புவேனா?" என்று ராஜா சந்தோஷத்தில் எழுந்து, தோளில் கிடந்த சால்வையை உருவிக்கொண்டு, போர்த்துவதற்குக் கிட்டே வந்தார்.

தெய்வச்சிலை ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய் நின்று கும்பிட்டார்.

"வேண்டாம் அரசே! இருக்கிற படையே நமக்குப் போதும்!"