எரிமலைக்குள் எது எரிகிறது?

“என் வகுப்புல ஒரு பிள்ளையும் கேள்வி கேக்கறதில்லம்மா” என்றார் தணிகாசலம்.

அரசுக் கல்லூரியின் நிலவியல் துறை. சனிக்கிழமை மதியம். மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவரிடம் ஏழாம் வகுப்பு படித்தவள். இப்போது பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள்.

தணிகாசலம் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். வயது ஐம்பத்திரண்டு. அறிவியலும் அவர்தான், சமூக அறிவியலும் அவர்தான். சந்தேகம் வந்தால் பஸ் ஏறி இவளிடம் வந்துவிடுவார். தன்னிடம் படித்தவளிடமே போய்க் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

“என்ன பாடம் சார்?”

“எரிமலை. படம் போட்டேன். விளக்கினேன். டெஸ்ட்டும் வெச்சேன். முப்பத்தெட்டு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணையே எழுதியிருக்காங்க.”

விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தார்.

ஜெயசீலி நாலைந்து தாள்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே வரி.

‘எரிமலைக்குள் எப்போதும் தீ எரிந்துகொண்டிருக்கும்.’

பக்கத்தில் சிவப்பு மையில் ‘சரி’.

“இந்த வரி புத்தகத்துல இல்லையே சார்.”

“நான் சொன்னது. பிள்ளைங்களுக்குச் சட்டுனு புரியணுமில்ல.”

அவள் மறுபடி புரட்டினாள். ஒரு தாளில் கை நின்றது.

அதில் முதலில் எழுதிய சில வரிகளை, எழுதிய பிள்ளையே பேனாவால் அடித்திருந்தது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்திருந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“படிங்க சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிறுக்கலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது.

‘தீ எரியக் காற்று வேண்டும். பூமிக்குள்ளே காற்று இல்லை. அதனால் உள்ளே இருப்பது தீ இல்லை.’

அதற்குக் கீழே, மற்ற முப்பத்தேழு பேரும் எழுதிய அதே வரி. அவர் போட்ட ‘சரி’.

“யாரு சார் இது?”

“கனிஷ்கா.”

“இந்தப் பொண்ணு கேட்டிருக்காளே.”

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“கேட்டா” என்றார்.

“என்ன கேட்டா?”

“போன மாசம் மெழுகுவத்திய டம்ளரால மூடிக் காட்டினீங்களே சார், காத்து இல்லாம அணைஞ்சுபோச்சே, பூமிக்குள்ள காத்து ஏது, அங்க தீ எப்படி எரியும்னு கேட்டா.”

“நீங்க?”

“நீயே உள்ள இறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லுன்னேன். வகுப்பே சிரிச்சுது.”

“அப்புறம்?”

“பசங்க அவளைக் ‘காத்து’, ‘காத்து’ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க.”

“நீங்க?”

அவர் விடைத்தாள் கட்டின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கினார்.

“நானும் ரெண்டு தடவை கூப்பிட்டேன்” என்றார். “அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப.”

ஜெயசீலி எழுந்து வெளியே போனாள். கேன்டீனிலிருந்து ஒரு சோடா பாட்டிலோடு வந்தாள். விடைத்தாள்களை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“குலுக்குங்க சார்.”

குலுக்கினார்.

“இன்னும் நல்லா.”

குலுக்கினார்.

“திறங்க.”

மூடி பாதி திரும்புவதற்குள் சோடா பீய்ச்சியடித்தது. முகம், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்தது.

“இதுல என்ன சார் எரிஞ்சுது?”

“எதுவும் எரியலயே. உள்ள அடைஞ்சிருந்த வாயு வெளிய வந்துச்சு.”

“ஆழத்துல உருகிக் கிடக்கிற பாறைக்குழம்புலயும் வாயு கரைஞ்சிருக்கு. மேல வர வர அழுத்தம் குறையும். வாயு குமிழ் குமிழாப் பிரியும். குழம்பையும் தள்ளிக்கிட்டு வெளிய வரும். அவ்வளவுதான்.”

“அப்ப அந்தச் சிவப்பு?”

“பட்டறையில காய்ச்சின இரும்பும்தான் சிவக்குது. இரும்பு எரியுதா சார்?”

தணிகாசலத்தின் தாடையிலிருந்து சோடா சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“அவ சரியாத்தான் கேட்டிருக்கா.”

“ஆமா.”

“எனக்குப் பதில் தெரியலம்மா. அதான் கோவம் வந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா தீ எரியுது, தீ எரியுதுன்னே சொல்லிட்டிருக்கேன்.” நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “உனக்கும் அப்படித்தான் சொன்னேனா?”

“ஆமா சார்.”

“அப்பவே கேட்டிருக்கலாமேம்மா நீ.”

“நானும் உங்க வகுப்புல கேள்வி கேட்டதில்ல சார்.”

“ஏன்?”

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“சட்டையத் துடைச்சுக்குங்க சார்.”

பஸ்ஸில் திரும்பும்போது உட்கார இடம் இருந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு ஒரு சோடா பாட்டிலோடு போனார். குலுக்கித் திறந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் நனைந்து கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

“எரிமலைக்குள்ள எதுவும் எரியல” என்றார். “நான் சொன்னது தப்பு. கனிஷ்கா கேட்டதுதான் சரி.”

எல்லாத் தலைகளும் கனிஷ்கா பக்கம் திரும்பின.

“அவளுக்குப் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட்டதும் தப்பு. நீங்க செஞ்சதும் தப்பு. நான் செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு. எல்லார் முன்னாலயும்தான் கூப்பிட்டேன். அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். மன்னிச்சுக்கம்மா.”

இதை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

பேர் சொன்னதால் கனிஷ்கா எழுந்து நின்றாள். மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். அவரைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தாள்.

“சார், ஒரு கேள்வி.”

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டடி முன்னால் வந்தார்.

“கேளும்மா, கேளு.”

“பரிட்சையில எதை எழுதணும் சார்?”



“நீ என்ன நினைக்கிறியோ, அதை எழுது.”

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாரா என்று தேடுவதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“இப்பல்லாம் நான் எதுவும் நினைக்கிறதில்ல சார்” என்றாள், ரொம்ப மரியாதையாக.