நடுக்குளத்துச் சலுகை

செவ்வந்தி என்ற முயலைக் காட்டுப்பன்றி குளத்துத் துறையிலேயே மறித்துவிட்டது.

"போன மாசமும் மண்ணு வரலை. இந்த மாசமும் வரலை. தண்ணி கிடையாது, போ."

அந்தக் காட்டில் இருப்பது ஒரே குளம். அதற்கு மண்கரை. மாதாமாதம் குடும்பத்துக்கு ஒரு சுமை களிமண் கொண்டுவந்து கரையில் அப்ப வேண்டும். அதுதான் தண்ணீர் வரி. செவ்வந்தியின் புருஷனைக் கழுகு தூக்கிப்போய்விட்டது. அவளுடைய முன்னங்கால் ஒன்று கண்ணியில் மாட்டி நசுங்கிப்போனது. ஒற்றை முன்னங்காலை வைத்துக்கொண்டு எங்கே மண் சுமப்பது? ஆவாரஞ்செடி நிழலில் அவளுடைய மூன்று குட்டிகளும் நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தன.

அந்த வழியாக வந்தாள் கருக்காயி என்ற முள்ளம்பன்றி. சின்ன வயதிலேயே தாயில்லாமல் கிழங்கு தோண்டி, அதைப் பண்டமாற்றுச் செய்து பிழைத்தவள். பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. கோபம் வந்தால் முள் முதலில் எழும்பும், பேச்சு பின்னால் வரும்.

"ஏண்டி, இல்லாதவங்களுக்கு வரி கிடையாதுன்னு காட்டுச் சபையில சொன்னாங்களே. நீ போய்க் கேக்கலையா?"

"கேக்கணும்தான் அக்கா. அங்க பாருங்க" என்றாள் செவ்வந்தி.

குளத்துக்கு நட்டநடுவே ஒரு பாறை. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றார் தவசி என்ற நாரை. வரிச் சலுகை கொடுக்கும் வேலையைச் சபை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தது. கேட்பவர்கள் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

கருக்காயி கரையில் நின்று சத்தம் போட்டாள். "நாரையாரே, இந்தப் பிள்ளைக்குச் சலுகை எழுதிக்குங்க."

"பாறைக்கு வரச் சொல்லும்மா. கரையில நின்னு கத்தினா செல்லாது."

"நீச்சல் தெரியாதவ எப்படி வருவா?"

"வந்தவங்க யாரையும் நான் திருப்பி அனுப்பினதில்லை" என்றார் நாரை. பொய்யில்லை. நல்ல மனசுக்காரர்தான். மீன் பாறையைச் சுற்றித்தான் இருந்தது. வயிற்றுப்பாடு அங்கே, ஆகவே வேலையும் அங்கே. அதில் என்ன தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கருக்காயி நேராகச் சபைத் தலைவரான யானையிடம் போனாள். யானை மூங்கில் தின்றுகொண்டிருந்தது.

"தலைவரே, சலுகை யாருக்குக் கிடைச்சிருக்கு?"

"கேட்டவங்க எல்லாருக்கும், தாயி. நீர்நாய்ங்க வாங்கினாங்க. வாத்துங்க வாங்கினாங்க. ஆமைக்குக்கூடக் கொடுத்தாச்சு. இனிமே காட்டுல இல்லாதவங்களே இல்லைன்னு நாரை சொல்றார்."

கருக்காயியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மடமடவென்று நாலு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் குட்டிகள் ஞாபகம் வந்தது. சண்டையில் ஜெயித்தாலும் அதுகளுக்குத் தண்ணீர் கிடைக்காது. முள்ளை மடக்கிக்கொண்டு, முயலின் கதையைச் சொன்னாள்.

யானைக்கு இரக்கம் வந்தது. "இவ்வளவுதானே. நானே முதுகில ஏத்திக்கிட்டுப் போறேன்."

கருக்காயிக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கொடுப்பதை முதலில் வாங்கு, மிச்சத்தைப் பிறகு கேள் என்பது அவள் வழக்கம். "சரி, கிளம்புங்க" என்றாள்.

யானை முயலை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. வயிறு மட்டம் தண்ணீர். மேலே செவ்வந்தி காதை மடக்கிக்கொண்டு முதுகோடு ஒட்டிக்கிடந்தாள். பாறை வந்தது.

நாரை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "என்னம்மா வேணும்?"

"மண்ணு சுமக்க முடியலை, ஐயா. சலுகை வேணும்."

"எப்படி வந்தே?"

"யானை மேல."

"யானை மேல வர்றவ இல்லாதவளா?" நாரை உண்மையாகவே குழம்பிப்போனார். "வசதி உள்ளவங்களுக்குக் கிடையாதுன்னு சபையில முடிவு, தலைவரே. இந்தக் காட்டுல உங்க முதுகைவிடப் பெரிய வசதி எது?"

யானைக்கு இப்போதுதான் சிக்கல் புரிந்தது. நீந்த முடியாவிட்டால் பாறைக்கு வர முடியாது. யார் முதுகிலாவது ஏறி வந்தால் சலுகை கிடையாது. வாலை மெல்ல ஆட்டியபடி அது தண்ணீரிலேயே நின்றது.

கரையிலிருந்து கருக்காயி கேட்டாள். "என்ன தலைவரே, இன்னும் எத்தனை பேரைச் சுமக்கிறதா உத்தேசம்?"

"உனக்கு என்ன வேணும், சொல்லு."

"நாரையார் கரைக்கு வரணும். நடக்க முடியாதவங்களுக்காக அவங்கவங்க வளைக்கே போகணும். கால் நீளமாத்தானே இருக்கு."

"என் சாப்பாடு?" என்றார் நாரை.

"காலையில மீன் பிடிங்க, யார் வேண்டாம்னா? வெயில் ஏறினதும் கரைக்கு வாங்க. வயிறு நிறைஞ்சவருக்குப் பசிச்சவங்க கண்ணுல படுவாங்க."

நாரைக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் இறக்கையை விரித்துக் கரைக்குப் பறந்தார். ஆவாரஞ்செடியடியில் குனிந்து பார்த்தார். மூன்று குட்டிகள். அவற்றில் ஒன்றுக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. அவர் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. "வழியை விடப்பா" என்று காட்டுப்பன்றியிடம் சொன்னார்.

காட்டுப்பன்றி நகர்ந்தது. குட்டிகள் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக் குடித்தன. கடைக்குட்டி அவசரத்தில் குளத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை மூக்கால் தள்ளிக் கரையேற்றியதும் அதே காட்டுப்பன்றிதான். "பார்த்துக் குடிடா, குளம் எங்கயும் ஓடிடாது" என்று அதட்டல் வேறு.

செவ்வந்தியின் பாக்கி மண்ணை யானை துதிக்கையால் ஒரே தடவையில் அள்ளிவந்து கரையில் அப்பிவிட்டுத் திரும்பியது. நாரைக்கு எதிரே ஒரு வரிசை நின்றது. கண் தெரியாத கீரி. நொண்டி மான். ஆறு குட்டி போட்ட பெருச்சாளி. இத்தனை நாளும் பனித்துளியை நக்கி உயிர் பிழைத்தவர்கள். காட்டில் இல்லாதவங்களே இல்லை என்று சொன்ன நாரை, ஒவ்வொருவராகக் கேட்டு முடிக்க அந்தி ஆகிவிட்டது.

இல்லாதவர் வந்து சேர முடியாத இடத்தில் உதவியை வைத்துக்கொண்டு, கேட்க யாரும் வரவில்லை என்று சொல்வது, உதவவே மறுப்பதற்குச் சமம்.