கரையில் கூப்பிட்ட பெயர்கள்

சக்கரவர்த்தி சிறையிலிருந்து தப்பிவிட்டாராம்!

மடத்தில் கஞ்சி குடிக்க வந்த ஒரு சீமை மாலுமிதான் சொன்னான். சந்தியாகு அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததும் அகப்பையை அப்படியே போட்டார். அவனைப் பிடித்துத் துருவித் துருவிக் கேட்டார். பிறகு நொண்டிக்காலை இழுத்துக்கொண்டு தையல்நாயகி அம்மாளிடம் ஓடினார்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்தது அந்த மடம். எந்தச் சாதி, எந்த மதம், எந்தத் தேசம் என்று அங்கே கேட்பதில்லை. பசித்து வந்தால் கஞ்சி. கேள்வியோடு வந்தால் அம்மாள். அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால் அதிகம். சீடர் சந்தியாகுவுக்குத்தான் தலை முழுக்க வெள்ளை. எங்கோ ஐரோப்பாவில் ஒரு சக்கரவர்த்தியின் படையில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் 'பட்டாளம்'. அம்மாளுக்கு 'பட்டாளத்தார்'.

"அம்மா, உத்தரவு கொடுங்க. நான் போகணும்."

"எங்கே?"

"சக்கரவர்த்திகிட்ட. மறுபடியும் படை சேர்க்கிறாராம். காலையில கப்பல் கிளம்புது. சமையலுக்கு ஆள் இல்லையாம், என்னைக் கூப்பிடுறாங்க."

"கஞ்சி தீயுது, பட்டாளத்தாரே."

"தீயட்டும் அம்மா!"

அம்மாள் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு பருக்கையைக்கூடத் தீயவிட்டதில்லை. அம்மாளே எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த மகராசன் உங்களுக்கு என்ன சொக்குப்பொடி போட்டார்? சொல்லுங்க, கேட்போம்."

சந்தியாகு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"லாடம் அடிக்கிறவர் மகன் அம்மா அவர். சாதாரணச் சிப்பாயா சேர்ந்து, தன் கையால கிரீடத்தை எடுத்துத் தன் தலையில வச்சுக்கிட்டவர். ராஜாக்கள் எல்லாம் அவர் வாசல்ல காத்துக் கிடப்பாங்க. நான் கப்பல்ல சமையல்காரனா போய், கப்பல் பிடிபட்டு, அவர் படையில மாட்டினேன். மாட்டினேன்னா சொன்னேன்? இல்லை, அதுதான் என் வாழ்வு."

"ம்."

"தினமும் விடிஞ்சதும் அவில்தார் பேர் கூப்பிடுவார். உயிரோட இருக்கிறவன் 'இருக்கேன்'னு குரல் கொடுக்கணும். செத்தவன் பேரையும் விடமாட்டார். பக்கத்துல நின்னவன் அவனுக்காக 'விழுந்தான்'னு சொல்லணும். அது எங்க படை வழக்கம். ஜெயிச்சுக்கிட்டே போன காலத்துல பேர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடும். அத்தனை 'இருக்கேன்'! கேட்டாலே புல்லரிக்கும். எப்பவாவது ஒரு 'விழுந்தான்'."

"அப்புறம்?"

"அப்புறம் பனி தேசத்துக்குப் போனோம்."

அவர் குனிந்து நொண்டிக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஊர்களைக் கொளுத்திட்டு எதிரி ஓடிட்டான். தின்ன ஒண்ணும் இல்லை. திரும்பி நடந்தோம். ஒவ்வொரு காலையும் 'இருக்கேன்' குறைஞ்சுது, 'விழுந்தான்' கூடுச்சு. என் கால் விரல்கள் அங்கேதான் போச்சு. ஒருநாள் அவில்தாரே எழுந்திரிக்கலை. நான் கூப்பிட ஆரம்பிச்சேன். ராஜ்யம் எப்படிச் சரிஞ்சுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான் அம்மா. கடைசியில நானே கூப்பிட்டு நானே 'விழுந்தான்' சொல்லிக்கிட்டு நின்னேன்."

"இப்பவும் தினம் கரையில நின்னு கூப்பிடுறீங்களே, அதுதானே?"

"அதுதான். நானும் விட்டுட்டா அவங்களுக்கு வேற யாரு இருக்காங்க?"

"சரி. இதுல சக்கரவர்த்தி எங்கே வந்தார்?"

சந்தியாகுவின் முகம் மலர்ந்தது.

"அந்தப் பனியில ஒரு காலையில எங்க அடுப்புக்கு வந்தார் அம்மா. தனியா, நடந்து. கிடைச்ச கொஞ்சம் கோதுமையில கஞ்சி வச்சிருந்தேன். என் குவளையிலேயே வாங்கிக் குடிச்சார். 'உன் பேர் என்ன?'ன்னார். சொன்னேன். 'நல்லா இருக்கு, சந்தியாகு'ன்னார். என் தோள்ல கை வச்சார். அந்தக் கைச்சூடு இன்னும் இந்தத் தோள்ல இருக்கு அம்மா."

"மறுநாள்?"

சந்தியாகு தரையைப் பார்த்தார்.

"மறுநாள் அவர் இல்லை. நல்ல குதிரைகளா பார்த்துப் பூட்டிக்கிட்டுத் தலைநகருக்குப் போயிட்டார். அவசர வேலை இருந்திருக்கும்."

"உங்களையெல்லாம் பனியில விட்டுட்டு."

"அவர் இருந்திருந்தா மட்டும் பனி நின்னிருக்குமா அம்மா?" தோளைத் தொட்டுக்கொண்டார். "என்னைக் கிறுக்கன்னு நினைச்சாலும் பரவாயில்லை. அதுக்கப்புறம் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை அந்த வாயால 'சந்தியாகு'ன்னு கேட்டா போதும். அங்கேயே விழுந்தாலும் சரி. நான் போறது தப்பா?"

அம்மாள் எழுந்தார்.

"காலையில வழியனுப்பக் கரைக்கு வர்றேன்," என்றார்.

விடிந்தபோது கப்பல் தூரத்தில் பாய் விரித்து நின்றது. கரையில் தோணி தயாராக இருந்தது. சந்தியாகு பழைய பட்டாளத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூட்டையும் குவளையுமாக வந்தார். சட்டையில் பொத்தான் பாதி இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

"பெரியவரே, சீக்கிரம் ஏறுங்க. காத்து மாறிடும்," என்றார் தோணிக்காரர்.

"ஒரு நிமிஷம் தம்பி. பேர் கூப்பிட்டுட்டு வந்துடறேன்."

அவர் கடலைப் பார்த்து நின்று தொண்டையைச் செருமினார். அம்மாள் பக்கத்தில் வந்தார்.

"இன்னிக்கு நான் கூப்பிடுறேன்."

"உங்களுக்கு எப்படி அம்மா பேரெல்லாம்..."

"தினமும் கேட்கிறேனே. காது என்ன அடைச்சா கிடக்கு? நேரா நில்லுங்க."

சந்தியாகு மூட்டையைக் கீழே வைத்தார். குதிகால்களைச் சேர்த்து நின்றார்.

"மார்ட்டின்!"

"விழுந்தான்."

"யோகான்!"

"விழுந்தான்."

அம்மாளின் குரல் நிதானமாக வந்தது. ஒரு பெயரையும் விடவில்லை. வேறொருவர் கூப்பிட்டு, தான் பதில் சொல்லி எத்தனை காலம்! சந்தியாகுவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பனி தெரிந்தது. அடுப்புப் புகை மணந்தது. பையன்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் தோளோடு தோளாக நிற்பதுபோல் இருந்தது. அந்த இடத்தைவிட்டு நகரவே அவருக்கு மனமில்லை.

"லூக்கா!"

"விழுந்தான்."

"பாவெல்!"

"விழுந்தான்."

"சந்தியாகு!"

"விழுந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கை தானாக வாய்க்குப் போனது. அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். நின்ற நிலையிலேயே கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

தோணிக்காரர் ஒன்றும் புரியாமல் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். கரைமேட்டில் மடத்து வாசலில் வழிப்போக்கர்கள் நாலைந்து பேர் தட்டோடு வந்து காத்திருந்தார்கள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

அம்மாள் எட்டி அவருடைய தோளில் கை வைத்தார்.

"அப்போ, சந்தியாகு, இத்தனை வருஷமா என் மடத்துல கஞ்சி காய்ச்சி ஊத்தினது யாரு?"