கறையான் மட்டும் தின்ற கரடிக்குட்டி

மலையடிவாரக் காட்டில் மையாள் என்ற தாய்க்கரடி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். பெண்குட்டியின் பெயர் அத்தி. ஆண்குட்டியின் பெயர் சுருளன்.

அத்தி எதைக் கொடுத்தாலும் தின்பாள். தேன், பழம், கிழங்கு, பூ, புழு, எல்லாம் அவளுக்குச் சரிதான். வாயில் ஒன்று இருக்கும்போதே அடுத்ததைத் தேடுவாள்.

சுருளன் தின்றது இரண்டே இரண்டு. பெரிய பாறைக்கு அடியில் இருந்த புற்றின் கறையான். வெயிலில் சுருங்கித் தரையில் உதிர்ந்து கிடக்கும் இலந்தைப்பழம். அவ்வளவுதான்.

முன்பு இன்னும் சிலவற்றைத் தின்றுகொண்டிருந்தான். ஒருநாள் அத்திப்பழத்துக்குள் ஒரு புழு நெளிந்தது. அன்றோடு அத்திப்பழம் போயிற்று. ஒருநாள் தேனடையில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அன்றோடு தேன் போயிற்று. போனது எதுவும் திரும்பி வரவில்லை.

கறையானையும் எங்கிருந்து வேண்டுமானாலும் தின்றுவிட மாட்டான். அந்த ஒரே புற்று. அதிலும் மேற்குப் பக்கத்து ஓட்டை. அவனே மண்ணை ஊதித் தள்ளி, அவனே வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். வேறு புற்றின் கறையானை இலையில் அள்ளிவந்து வைத்தால் அந்த இலையிருக்கும் பக்கமே திரும்ப மாட்டான். பழுத்த பழத்தை முகத்தருகே கொண்டுபோனால் அவனுக்குக் குமட்டும். உடம்பு நடுங்கும். மண்ணில் சுருண்டு படுத்துக் காதைப் பொத்திக்கொள்வான்.

மையாள் ஒவ்வொரு நாளும் அவன் விலாவைத் தொட்டுப் பார்ப்பாள். எலும்பு கையில் தட்டும்.

தண்ணீர் குடிக்கும் ஓடையில் ஒரு காட்டுப்பன்றியைத் தினமும் பார்ப்பாள். அந்தப் பன்றிக்கு ஒன்பது குட்டிகள். ஒன்பதும் மூக்கு முட்டத் தின்று உருண்டையாக இருந்தன.

"என்னடி மையா, உன் பையன் இப்படி வத்திக் கிடக்கான்?" என்று கேட்டது பன்றி.

"சாப்பிட மாட்டேங்கிறான் அக்கா."

"சாப்பிட மாட்டேங்கிறானா? நீ இடம் குடுத்துட்ட, அதான். என் பிள்ளைங்க ஒண்ணாவது வேண்டாம்னு சொல்லியிருக்கா, கேட்டுப்பாரு. மூணு நாள் பட்டினி போடு. பசிச்சா தன்னால தின்பான்."

"அவனுக்குப் பசியே வேற மாதிரி அக்கா."

"பசியில என்னடி வேற மாதிரி?"

ஓடைக்கரையில் நின்ற மானும் முயலும் தலையை ஆட்டின. தான் ஒரு கெட்டிக்காரத் தாய் இல்லை என்று அவை நினைப்பது மையாளுக்குத் தெரிந்தது. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

அன்றே அவள் புற்றின் வாயைக் கல்லால் அடைத்தாள். இலந்தைப்பழங்களைக் கூட்டி ஓடையில் தள்ளினாள். சுருளன் முன்னால் தேனும் அத்திப்பழமும் கிழங்கும் வைத்தாள்.

முதல் நாள் அவன் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டாம் நாள் கல்லை நக்கினான். அழவில்லை, கேட்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து நிற்கப் பார்த்தான். பின்னங்கால் இரண்டும் மடங்கின. பழம் அவன் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

"அம்மா, அவன் வேணும்னு பண்ணல," என்றாள் அத்தி. "அதைப் பாத்தாலே அவனுக்கு நடுங்குது. கிட்ட உக்காந்து பாரு."

மையாள் கல்லை இழுத்து எறிந்தாள். அவனை முதுகில் தூக்கிக்கொண்டுபோய்ப் புற்றருகே இறக்கினாள். அவன் மண்ணை ஊதினான். ஊத மூச்சு போதவில்லை. மறுபடி ஊதினான். பிறகு உறிஞ்சத் தொடங்கினான்.

"இன்னும் ஒரே நாள் பொறுத்திருந்தா வழிக்கு வந்திருப்பான்," என்றது மறுநாள் ஓடையில் பன்றி.

மையாள் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போவதையே விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி பார்த்துக்கொண்டிருந்தது. காட்டில் தன்னைவிட மூளைக்காரி இல்லை என்பது அதன் எண்ணம். ஒருநாள் அது மையாளின் அருகே இறங்கி வந்தது.

"அடிச்சும் நடக்காது, பட்டினி போட்டும் நடக்காது. ஏமாத்தணும்," என்றது மந்தி.

"எப்படி?"

"புத்துக்குள்ள அத்திப்பழத்தைத் தேன்ல பிசைஞ்சு வச்சிடு. மேல கறையான் இருக்கட்டும். அவன் பாட்டுக்கு உறிஞ்சுவான். ரெண்டும் சேந்து உள்ள போயிடும். கொஞ்சம் கொஞ்சமா கறையானைக் குறைச்சுப் பழத்தைக் கூட்டு. ஒரு மாசத்துல மொத்தமும் பழமா ஆயிடும்."

"கண்டுபிடிச்சுட்டான்னா?"

"சின்னப் பையன். அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

மையாள் அன்று முழுக்க யோசித்தாள். குட்டியை ஏமாற்றுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த எலும்புகளைத் தொட்டுத் தொட்டு அவள் களைத்துப் போயிருந்தாள். மறுநாள் விடியும் முன்பே எழுந்து, பழத்தைத் தேனில் பிசைந்து மேற்குப் பக்கத்து ஓட்டைக்குள் தள்ளினாள். மேலே மண்ணைத் தூவினாள்.

சுருளன் வழக்கம்போல வந்தான். ஊதினான். வாயை வைத்து உறிஞ்சினான்.

அப்படியே நின்றான்.

பிறகு அவன் கத்திய கத்தலில் மந்தி மேல்கிளைக்கு ஓடிவிட்டது. அவன் வாந்தி எடுத்தான். நாக்கை மணலில் போட்டுத் தேய்த்தான். நாக்கில் ரத்தம் வரும்வரை தேய்த்தான். மையாள் தூக்கப் போனாள். அவன் அவளிடமிருந்து விலகி ஓடினான்.

அன்றோடு கறையான் போயிற்று.

புற்று இருந்த பாறையைக்கூட அவன் கடக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனான். மையாளின் முதுகில் ஏறுவதையும் நிறுத்திக்கொண்டான். அவள் வாய் அருகே வந்தால் முகர்ந்து பார்த்தான். அவள் கை எதைத் தொட்டாலும் அதைத் தின்ன மறுத்தான். இலந்தையைக்கூட, அவள் பார்க்காதபோது அவனாகப் பொறுக்கினால்தான் தின்றான். மரத்தடியில் இலந்தையும் குறைந்துகொண்டே வந்தது.

"இப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு மந்தி வேறு மரத்துக்குப் போய்விட்டது.

ஒரு மாலை மையாள் அந்தப் புற்றருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் செதிலாக ஒரு அழுங்கு வந்தது. கறையானும் எறும்பும்தான் அழுங்கின் சாப்பாடு. அது தேன் பட்ட மண்ணைத் தோண்டித் தள்ளிவிட்டு, நீண்ட நாக்கை உள்ளே விட்டுத் தின்றது.

"அண்ணே, உங்களுக்கு வேற எதுவும் தின்னணும்னு தோணாதா?" என்று கேட்டாள் மையாள்.

"தோணாது."

"பழம்?"

"பழம்னா எனக்குச் சாப்பாடாவே தெரியாது. உனக்குக் கல்லு எப்படியோ அப்படி."

"உங்களை யாராவது பிடிவாதக்காரன்னு சொல்லியிருக்காங்களா?"

அழுங்கு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. "இல்லையே. எங்க அப்பன், ஆத்தா, கூடப்பிறந்ததுங்க எல்லாம் இதைத்தான் தின்னோம். அதனால யாரும் கேக்கல. உன் பையன் கதை காட்டுக்கே தெரியும். அவன் கரடியாப் பிறந்துட்டான். அதான் எல்லாரும் கேக்குறாங்க."

மையாள் அழுங்கு தள்ளிய தேன்மண்ணைக் காலால் ஒதுக்கினாள். பிறகு, "அவன் இந்தப் புத்துக்கு இனி வர மாட்டான். நான் கெடுத்துட்டேன்," என்றாள்.

"வடக்கே ரெண்டு நாள் நடந்தா ஒரு பாறைக்குகை. அதுக்குள்ள ஒரு புத்து இருக்கு. மண்ணு இதே மண்ணு, வாசனையும் இதே வாசனை. ஆனா அவன் தின்பானான்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றாள் மையாள்.

அவர்கள் புறப்பட்டார்கள். சுருளன் முதுகில் ஏறாததால் பயணம் இரண்டு நாளில் முடியவில்லை, ஐந்து நாள் ஆயிற்று. வழியில் அத்தி ஒருமுறை நின்றுவிட்டாள்.

"நான் எல்லாம் தின்னுறேன். அதனால நீ என்னைப் பாக்கவே மாட்டேங்குற," என்றாள்.

மையாள் அவளை நக்கிக்கொடுத்தாள். அத்தி சொன்னது உண்மை.

குகை காய்ந்து கிடந்தது. உள்ளே புற்று இருந்தது. மையாள் சுருளனைத் தள்ளவில்லை, கூப்பிடவும் இல்லை. தூரத்தில் படுத்துக்கொண்டாள். அத்தி ஒரு பக்கமாகப் போய் ஊதித் தின்றாள். சுருளன் சுவரோரம் உட்கார்ந்து மண்ணை அளைந்தான். வழியில் பொறுக்கிய இலந்தை அன்றோடு தீர்ந்தது.

மறுநாள் அவன் புற்றைச் சுற்றி நடந்தான். அதற்கடுத்த நாள் மேற்குப் பக்கமாகப் போய் மண்ணை ஊதினான். ஊதினான், அவ்வளவுதான். வாயை வைக்கவில்லை. ஊதிவிட்டு அம்மாவைப் பார்த்தான். பிறகு விலகிப் போனான்.

மையாளுக்கு அழுகை வந்தது. குட்டியின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடிப்போய் அவன் தலையைப் பிடித்துப் புற்றில் அழுத்த வேண்டும் போல அவளுக்கு இருந்தது. நகங்களை மண்ணில் ஊன்றி அப்படியே கிடந்தாள்.

நான்காம் நாள் காலையில் சுருளன் ஊதினான். முகர்ந்தான். மறுபடி ஊதினான். அவன் வாய் புற்றில் பட்டது. மெல்லிய ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது. ஒரே ஒருமுறை.

ஏழெட்டுக் கறையான் உள்ளே போயிருக்கும்.

அத்தி துள்ளி எழப் பார்த்தாள். மையாள் அவளை அமுக்கிப் பிடித்தாள். ஒரு சத்தம் கேட்டாலும் அவன் நிறுத்திவிடுவான். சந்தோஷத்தைக்கூட அவனுக்குக் காட்டக் கூடாது. தன் குரல் வெளியே வராமலிருக்க மையாள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் ஒன்றும் தின்னவில்லை. அதற்கு மறுநாள் இரண்டு முறை உறிஞ்சினான். அதற்கும் அடுத்த நாள் மறுபடி ஒன்றுமில்லை. பன்றியின் ஒன்பது குட்டிகளும் அதற்குள் தனித்தனியாக மேயப் போயிருக்கும். சுருளன் பிழைப்பானா, வளர்வானா என்று மையாளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் தூரத்தில் படுத்து, அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

ஒரு பிள்ளையால் முடியாததைப் பிடிவாதம் என்று சொல்லிப் பட்டினியாலும் ஏமாற்றாலும் திருத்தப் போனால், அது தின்றுகொண்டிருந்த ஒரு வாய் உணவும் நம்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடும்.