வெறும் வாளி

வற்றிப்போன கிணற்றில் தூர் வார இறங்கிய இசக்கி திரும்பவே இல்லை. அண்ணன் பசியோடு கிடப்பானே என்று தூக்குவாளி நிறையக் கொழுக்கட்டையோடு இறங்கினாள் தங்கை மாடத்தி. அடியில் பாதாளமே திறந்து கிடந்தது. அரியணையில் பூதராஜன், அவன் காலடியில் கூழாங்கற்கள், சுற்றிலும் பூதங்களின் சபை.

"எல்லாம் இங்கே வந்து மாட்டிய ஆட்கள்! உன் அண்ணன் எந்தக் கல் என்று காட்டு. தப்பாகத் தொட்டால் நீயும் கல்!" என்று உறுமினான் ராஜா. கூடவே அவன் வயிறும் உறுமியது.

மாடத்திக்கு மனசு கேட்கவில்லை. "முதல்ல சாப்பிடுங்க ராசா."

அதுவரை அவனுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. ஒன்று விடாமல் தின்றுவிட்டு வாளியை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"எங்க ஊர்ல பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாங்க. ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவாங்க. ராசா வீட்டுல அந்த வழக்கம் இல்லபோல."

சபையே பார்த்தது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன வேண்டும், கேள்! வாளி நிறையத் தருகிறேன்!"

"பொன்னெல்லாம் எதுக்கு? கீழ கிடக்குற இந்தக் கல்லே போதும். உங்க கையாலயே அள்ளிப் போடுங்க ராசா."

வாய் பிளந்த ராஜா, வேறு வழியில்லாமல் அத்தனையையும் அள்ளிப் போட்டான்.

மேலே வந்து கொட்டினாள். வெயில் பட்டதும் இசக்கியும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள்.

நிறைந்து வந்த வாளியை அவள் மட்டும் வெறுமனே வைத்திருப்பாளா? மறுநாள் கொழுக்கட்டையோடு கயிற்றில் இறக்கினாள். ஆசையாகத் தின்று முடித்த பிறகுதான் பூதராஜன் வெறும் வாளியைப் பார்த்து விழித்தான். போட்டுக் கொடுக்க ஒரு கல்கூட மிச்சமில்லையே!

சாயங்காலம் கயிற்றை இழுத்தால், வாளி தளும்பத் தளும்பத் தண்ணீர்.

இன்றைக்கும் அந்த ஊரில் முதல் கொழுக்கட்டை கிணற்றுக்குத்தான்.